பந்தை நிறுத்த எத்தனை ஆயிரம் டாலர்?

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து ஒரு விநாடியில் சுமார் 39 மீட்டரைக் கடக்கிறது. விநாடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில், இரு படங்களுக்கு இடையே அது ஏறத்தாழ 2 மீட்டர் நகர்ந்துவிடும். 40 படம் என்றால் 1 மீட்டர். 120 என்றால் 32 சென்டிமீட்டர். பந்து மட்டையைத் தொடும் கணம் படத்தில் சிக்கும் வாய்ப்பை இந்தக் கணக்கே நிர்ணயிக்கிறது.

நிகான் இசட்9 (2021) 45.7 மெகாபிக்சல் கொண்டது. ரா கோப்பாக விநாடிக்கு 20 படம். 120 படம் வேண்டுமானால் 11 மெகாபிக்சலுக்கு இறங்க வேண்டும். கேனான் ஆர்1 (2024), 24.2 மெகாபிக்சலில் 40 படம் தருகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்போ 24.6 மெகாபிக்சலில் 120 படம் எடுக்கிறது. மற்ற இரண்டும் காட்சியை வரிவரியாகப் பதிவு செய்கின்றன. அதனால் அதிவேக அசைவுகள் சற்றே கோணக்கூடும். சோனி முழுக் காட்சியையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதால் அக்குறை இல்லை. ஆனால் அதற்கும் விலையுண்டு: அதன் ஐஎஸ்ஓ 250இல் தொடங்கி 25,600இல் நின்றுவிடுகிறது. கேனான் 1,02,400 வரை செல்வதால், மங்கிய வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டங்களில் அதற்கு இடம் கூடுதல்.

அமெரிக்காவில் இவற்றின் அறிமுக விலை முறையே சுமார் 5,500, 6,300, 6,000 டாலர். வேறுபாடு பெரிதல்ல. உண்மையான செலவு லென்ஸில் இருக்கிறது. 400 மி.மீ. எஃப்2.8 லென்ஸின் விலை 12,000 டாலர் அளவில் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றின் கேமராவில் நேரடியாகப் பொருந்தாது. பொருளியலில் இதை மாறுதற் செலவு என்போம். அசோசியேட்டட் பிரஸ் 2020இல் சோனிக்கு மாறியது. பெரிய நிறுவனத்தால் அது இயலும். படத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் தனிநபரால் இயலாது.

கடன் வாங்கிப் புதிய கேமரா வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு என் கருத்து இதுதான்: நாளிதழ்ப் பக்கத்துக்கு 20 மெகாபிக்சலே தாராளம். விநாடிக்கு 16 படம் எடுக்கும் கேனான் 1டிஎக்ஸ் மூன்றாம் பதிப்பு (2020) போன்ற பழைய கேமராவைப் பயன்படுத்திய நிலையில் வாங்கி, மிச்சத்தை லென்ஸுக்கு ஒதுக்குவதே விவேகம். அந்த லென்ஸை இணைப்பான் வழியே பின்னாளில் ஆர்1இலும் பொருத்தலாம்.

பத்திரிகை நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கருவி உற்பத்தியின் மூலதனம். அதன் சுமையை உழைப்பவர் தோளில் ஏற்றுவது நியாயமல்ல. விலையுயர்ந்த லென்ஸ்களையேனும் நிறுவனமே வாங்கிப் பொதுவில் வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் வழங்கலாம். இல்லையெனில், கடன் கிடைப்பவர் மட்டுமே எல்லைக்கோட்டருகே அமர முடியும். கண்ணும் பொறுமையும் உள்ளவர் வெளியே நிற்பார்.