இருண்ட திரையும் இயங்கும் பொறியும்

ஏஆர்எம் செயலியைக் கொண்ட சிறு கணிப்பொறிகள் பள்ளி ஆய்வகங்களிலும், களப் பதிவுகளைச் சேர்க்கும் நிலையங்களிலும் பயன்பட்டு வருகின்றன. இவற்றில் லினக்ஸ் இயக்க முறைமையை ஓட்டுங்கால், மின்சாரம் தந்த பின்னரும் திரை இருண்டே கிடப்பது அடிக்கடி நேரும் இடராகும். உடனே நினைவட்டையை அழித்துப் புதிதாக எழுதிவிடுவோர் உளர். அவ்வட்டையில் பல மாதப் பதிவுகள் இருப்பின் அவை யாவும் அழிந்துபோம். திரை இருண்டமையாலேயே பொறி நின்றுவிட்டதெனக் கொள்ளலாகாது.

மேசைக் கணிப்பொறியில், உள்ளமைந்த தொடக்க நிரல் உறுப்புகளின் விவரத்தை லினக்ஸின் கெர்னலுக்கு அறிவிக்கின்றது. சிறிய ஏஆர்எம் பலகைகள் பெரும்பாலானவற்றில் இம்முறை இல்லை. எந்த உறுப்பு எந்த முகவரியில் உளது என்பதை ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் தனிக் கோப்பு கூறுகின்றது. அக்கோப்பு வேறொரு பலகைக்கு உரியதாயின், கெர்னல் ஓடினும் திரைக்குரிய பகுதியைக் காணாது போகலாம்.

2019 ஜூனில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 பலகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஆராய வேண்டிய முறையைக் காண்போம்.

முதலாவது, மின்சாரம். இப்பலகைக்கு 5 வோல்ட் அழுத்தத்தில் 3 ஆம்பியர் தரவல்ல வழங்கி வேண்டும். அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கின் சிவப்பு விளக்கு அணைந்து எரியும். கைப்பேசியின் மின்னேற்றியும் மெல்லிய கம்பியும் இக்குறைக்குக் காரணமாதல் உண்டு.

இரண்டாவது, இணைப்பு. பலகையில் இரண்டு நுண் எச்டிஎம்ஐ வாயில்கள் உள. மின்வாயிலை அடுத்துள்ளதே முதல் வாயில். அதிலேயே கம்பியைச் செருகுதல் வேண்டும். திரையை முதலில் ஏற்றி, பின்னர்ப் பொறிக்கு மின்சாரம் தருவது நன்று.

மூன்றாவது, பச்சை விளக்கு. அது நினைவட்டையின் இயக்கத்தைக் காட்டுவது. ஒழுங்கற்று மின்னின் அட்டை படிக்கப்படுகின்றது என்று அறியலாம். நான்கு முறை மின்னி நின்று, மீண்டும் அவ்வாறே மின்னின் தொடக்க நிரற்கோப்பு காணப்படவில்லை. ஏழு முறையாயின் கெர்னல் கோப்பு காணப்படவில்லை. வானவில் நிறங்கள் மட்டும் தோன்றி நிற்பின், தொடக்க நிரல் ஓடியது, கெர்னல் தொடங்கவில்லை என்பது பொருள்.

நான்காவது, பொறி உயிருடன் இருக்கின்றதா என்னும் சோதனை. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு மாறின் கெர்னல் இயங்குவதாகக் கொள்ளலாம். வலையமைப்பின் வழியே மற்றொரு கணிப்பொறியிலிருந்து எஸ்எஸ்எச் முறையில் உட்புக இயலுமாயின், பதிவுகளை அப்போதே படியெடுத்துக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, தொடர்வாயில். 6ஆம் ஊசி தரை, 8ஆம் ஊசி அனுப்புவது, 10ஆம் ஊசி பெறுவது. அனுப்புவதை மறுபுறத்தில் பெறுவதோடு இணைத்து, நொடிக்கு 115200 பிட் வேகத்தில் படித்தால், கெர்னலின் செய்திகள் வரிவரியாக வெளிப்படும். இதற்கு அமைப்புக் கோப்பில் தொடர்வாயிலை முன்னதாக இயக்கியிருத்தல் வேண்டும். இவ்வூசிகள் 3.3 வோல்ட்டுக்கு உரியன. 5 வோல்ட் குறிகை பலகையைக் கெடுத்துவிடும்.

பொறி இயங்கியும் திரை இருண்டிருப்பின், திரை தன் அளவுகளை ஒழுங்காக அறிவிக்காதிருக்கலாம். ராஸ்பெர்ரி பை இயக்க முறைமையின் 2021 நவம்பர்ப் பதிப்பு முதல் திரையை ஆளும் பொறுப்பு இயல்பாகவே கெர்னலிடம் உளது. ஆதலால் பழைய பதிப்புகளுக்குரிய எச்டிஎம்ஐ கட்டளைகள் பல பயன்படா. நினைவட்டையின் தொடக்கப் பகுதியிலுள்ள கட்டளை வரிக் கோப்பில் ‘வீடியோ’ என்னும் அளவுருவைச் சேர்த்து, வாயிலின் பெயரையும் 1024க்கு 768 போன்ற எளிய அளவையும் குறித்து, இறுதியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘டி’யை இடுதல் வேண்டும். அது வெளியீட்டை வலிந்து இயக்கும். சிறிய எழுத்தாயின் வெளியீட்டை அணைத்துவிடும். அக்கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருத்தல் இன்றியமையாதது.

இவை யாவும் பயனற்றுப் போயின், அட்டையை வேறொரு கணிப்பொறியில் இட்டு, முழுப் படி எடுத்த பின்னரே புதிதாக எழுதுதல் தகும்.