வீட்டோட கீழ்த்தளத்தை 'சோபர் ஹோம்' ஆக்கலாமா?

அமெரிக்காவுல மேரிலண்ட்ல இருந்து ஒரு லிசனர் கேட்டிருந்தார்: "ப்ரோ, எங்க வீட்டு பேஸ்மென்ட் காலியா இருக்கு. குடியை விட்டவங்க தங்குற சோபர் ஹோமுக்கு வாடகைக்கு விடலாமா?" நான் வக்கீல் இல்ல, கோட் எழுதுற ஆள். ஆனா இந்த சிஸ்டம் எப்படி ஓடுதுன்னு படிச்சிருக்கேன், அதைச் சொல்றேன்.

சோபர் ஹோம் ஆஸ்பத்திரி இல்ல. சிகிச்சை முடிச்சவங்க உடனே பழைய ஏரியாவுக்கும் பழைய சேர்க்கைக்கும் திரும்பாம, குடியும் போதையும் இல்லாத வீட்டுல வாடகையைப் பங்கு போட்டு வாழுற இடம். இதுல பெரிய பேர் 'ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ்'. 1975ல மேரிலண்டோட சில்வர் ஸ்பிரிங்ல பால் மல்லாயும் கூட இருந்தவங்களும் தொடங்கினது. மேனேஜர் கிடையாது. ஓட்டுப் போட்டு முடிவெடுக்கணும், செலவை அவங்களே பார்த்துக்கணும், மறுபடி குடிச்சா வெளியேறணும். மூணே ரூல்.

இது பலிக்குதா? டீபால் பல்கலைக்கழகத்தோட லெனர்ட் ஜேசன் குழு 150 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2006ல வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸுக்குப் போனவங்கள்ல 31.3% பேர்தான் மறுபடி போதை எடுத்திருந்தாங்க. வழக்கமான பின்தொடர் சிகிச்சைக்குப் போனவங்கள்ல அது 64.8%.

இப்போ உங்க வீடு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மொத்தப் பகுதியையும் ஒரு குழுவுக்கு லீஸுக்கு விடுறது. அப்போ நீங்க வெறும் ஹவுஸ் ஓனர். இன்னொண்ணு, ரூம் ரூமா நீங்களே நடத்துறது. டெஸ்ட் எடுக்கறதுல இருந்து சண்டை தீர்க்கறது வரை எல்லாம் உங்க தலையில. முழுநேர வேலையில இருக்குறவங்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். கிச்சனைப் பகிர்ந்துக்கிட்டா உங்க ஃபிரிட்ஜ்ல பீர் இருக்கக் கூடாது, அதையும் யோசிச்சுக்கோங்க.

"அக்கம்பக்கத்துல எதிர்ப்பாங்களே?" எதிர்ப்பாங்க. ஆனா 1988ல திருத்தின நியாய வீட்டுவசதிச் சட்டம், போதையிலிருந்து மீண்டு வர்றவங்களை மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்புக்குள்ள கொண்டு வருது. இப்பவும் சட்டவிரோத போதை எடுக்குறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. 1995ல எட்மண்ட்ஸ் நகரம் 'உறவில்லாத அஞ்சு பேருக்கு மேல ஒரே வீட்டுல கூடாது'ங்கற தன்னோட விதிக்கு இந்தச் சட்டத்துல விலக்கு இருக்குன்னு வாதாடுச்சு. அப்படி விலக்கு இல்லன்னு உச்ச நீதிமன்றம் 6-3ன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா தீயணைப்பு விதிகள் எல்லாருக்கும் பொது. பேஸ்மென்ட்ல படுக்கையறைன்னா அவசரத்துக்கு வெளியேற ஜன்னல் இருக்கான்னு பாருங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்னாடியே எழுதிச் சொல்லிடுங்க.

"ஆள் அனுப்புறேன், தலைக்கு இவ்வளவு தர்றேன்"னு யாராவது வந்தா, ஓடிடுங்க. மீட்பு இல்லங்களுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்க கமிஷன் வாங்குறது, கொடுக்குறது ரெண்டும் 2018ல இருந்து ஃபெடரல் குற்றம்.

கடைசியா, ரொம்ப முக்கியமானது. ரோல்பேக் பிளான் இல்லாம நாம ரிலீஸ் பண்ண மாட்டோம் இல்லையா? இங்கேயும் அதேதான். ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு போதையில வந்தா என்ன செய்வீங்க? கொஞ்ச மாசம் விட்டிருந்தவங்களுக்கு உடம்போட தாங்குசக்தி குறைஞ்சிருக்கும். ஹெராயின், ஃபென்டனில் மாதிரி ஓபியாய்டுன்னா, பழைய அளவே உயிரை எடுத்துடும். அந்த நிலையில தெருவுல தள்ளுறது ரூல் இல்ல, ஆபத்து. நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே வீட்டுல இருக்கணும். 2023ல இருந்து மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க அனுமதி உண்டு. மூச்சு மந்தமா இருந்தா ஸ்ப்ரே அடிச்சிட்டு 911க்குக் கூப்பிடணும். அன்னைக்கு ராத்திரி எங்க தங்குவார், யார் கூட்டிட்டுப் போவாங்கன்னு அவர் குடிவர்ற அன்னைக்கே பேசி எழுதி வச்சிடுங்க. வெளியேத்துற முறையை உள்ளூர் வக்கீல்கிட்ட கேளுங்க. வாடகைதாரர் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அந்த ராத்திரிக்கான பதில் உங்ககிட்ட இருந்தா, தாராளமா விடுங்க. இல்லன்னா, சாதாரண வாடகைக்கே விட்டுடுங்க. அதுல தப்பே இல்ல.