கணிப்பொறியின் சூட்டைத் தணிப்பது எப்படி?

நவி மும்பையில் ஐரோலி, மகாபே பக்கம் போகும் அன்பர்கள், ஜன்னல் அதிகமில்லாத பெரிய கட்டடங்கள் சிலவற்றைக் கவனித்திருக்கலாம். அவை டேட்டா சென்டர்கள். பேத்தியின் போட்டோ நம் செல்போனுக்கு வருவதும், பாங்க்கில் பணம் மாறுவதும் இதுபோன்ற இடங்களில் இரவு பகலாக ஓடும் கணிப்பொறிகளால்தான்.

கணிப்பொறி வாங்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே வெளிவருகிறது. நம் வீட்டுக் குளியலறை கெய்சர் 2 கிலோவாட். கணிப்பொறிகளை அடுக்கிய சாதாரண அலமாரி ஒன்று 5 முதல் 10 கிலோவாட். செயற்கை நுண்ணறிவுக்காக என்விடியா கம்பெனி 2024-ல் அறிவித்த அலமாரியோ சுமார் 120 கிலோவாட். ஒரு பீரோவுக்குள் அறுபது கெய்சர்கள்!

இந்தச் சூட்டை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். உள்ளே வரும் மொத்த மின்சாரத்தைக் கணிப்பொறிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பி.யூ.இ. என்பார்கள். 1 என்றால் விரயமே இல்லை. 2023-ல் அப்டைம் இன்ஸ்டிடியூட் எடுத்த உலகக் கணக்கெடுப்பில் சராசரி 1.58. அதாவது கணிப்பொறிக்கு 100 யூனிட் என்றால் மேற்கொண்டு 58 யூனிட். அதில் பெரும் பங்கு ஏ.சி.க்குத்தான்.

இதைக் குறைக்க மலிவான வழி தடுப்பு. அலமாரியின் முன்பக்கம் குளிர்காற்று, பின்பக்கம் சூடான காற்று. இரண்டும் கலக்காமல் அடைத்துவிட்டால், ஸ்வெட்டர் போடும் அளவுக்கு அறையைக் குளிர்விக்க வேண்டியதில்லை. 27 டிகிரிக் காற்றே போதும் என்கிறது அமெரிக்காவின் ஆஷ்ரே பொறியாளர் சங்கம். விசிறிகளையும் மெதுவாக ஓட்டலாம். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் விசிறி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நம்பாதவர்கள் 0.8-ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் 120 கிலோவாட்டைக் காற்றால் சமாளிக்க முடியாது. ஒரே கன அளவு நீர், காற்றைப் போல் சுமார் 3,500 மடங்கு உஷ்ணத்தைச் சுமக்கும். ஆகவே சிப்பின் மேல் செப்புத் தகடு பொருத்தி அதற்குள் நீரை ஓட்டுகிறார்கள். சிலர் கணிப்பொறியையே மின்சாரம் கடத்தாத எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் காலம் கழித்த எனக்கு இது புதிதல்ல. எஞ்சினின் டிரான்ஸ்ஃபார்மர் என்றைக்கும் எண்ணெய்க்குள்தான். பம்பு எண்ணெயைச் சுற்றவிடும், ரேடியேட்டரில் காற்று பட்டு அது ஆறும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு லாபம் உண்டு. சிப் 70, 80 டிகிரி சூட்டிலும் வேலை செய்யும். ஆகவே 40 டிகிரி வெதுவெதுப்பான நீர்கூட அதன் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும். மும்பையின் வெளிக்காற்று பெரும்பாலும் 35 டிகிரிக்குள். அந்த நீரை மொட்டைமாடி ரேடியேட்டரில் விட்டு விசிறி போட்டாலே ஆறிவிடும். பெரும்பாலான நாட்களில் கம்ப்ரசர் வேண்டாம். மூடிய குழாயில் சுற்றுவதால் தண்ணீரும் அநேகமாகச் செலவாவதில்லை.

நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவர் அப்படியல்ல. மின்சாரத்தை மிச்சப்படுத்தும், தண்ணீரைக் குடிக்கும். பி.யூ.இ. கணக்கில் அந்தத் தண்ணீர் வரவே வராது. அதற்கு டபிள்யூ.யூ.இ. என்ற தனி அளவு 2011 முதல் இருக்கிறது: யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்பது. டேங்கர் லாரிக்காகக் குடத்துடன் காத்திருப்பவர்கள் உள்ள ஊரில் இது சின்ன விஷயமல்ல. மகனோ மருமகளோ "எங்கள் சென்டரில் 1.3தான்" என்று சொன்னால், லிட்டர் எவ்வளவு என்றும் கேளுங்கள்.