மந்திரவாதியும் கல்வெட்டும்

நல்ல கதை ஒன்றைப் படித்து முடித்தவர் உடனே அதனை விட்டு நீங்கிவிடுவதில்லை. கதையாசிரியர் சொல்லாமல் விட்ட இடங்களில் அவர் மனம் உலவுகிறது. இன்னது நடந்திருக்கலாம், இன்னார் செய்திருக்கலாம் என்று ஊகங்கள் எழுகின்றன. இத்தகைய ஊகங்களைத் தமிழில் மிகுதியாக எழுப்பிய நூல் எது என்று கேட்டால், கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ என்றே பலரும் விடை கூறுவர்.

சென்ற மாதம் கோபர்கைரனேயில் என் தமக்கையார் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். தமக்கையாரின் மாமியார் மாட்டுங்காவில் வளர்ந்து, செம்பூரில் குடித்தனம் நடத்தி, முதுமையில் மகனுடன் கோபர்கைரனேக்கு வந்தவர். சென்னையிலிருந்து வாரந்தோறும் வந்த இதழைத் தம் தந்தையார் உரக்கப் படிக்க, சிறுமியாக அமர்ந்து அந்தக் கதையைக் கேட்டவர். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்த பழைய கட்டு ஒன்றை இன்றும் காப்பாற்றி வருகிறார். அவருடைய பேரனோ 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்த கதையைப் பார்த்துவிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பையும் படித்தவன். அவன் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டான். “மாமா, ரவிதாசன் உண்மையிலேயே மந்திரவாதியா?” என்பது முதற் கேள்வி. “ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சொன்னவர் இராஜராஜ சோழர்தானாமே, என் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மெய்யா?” என்பது இரண்டாவது.

முதற் கேள்வி கதையைப் பற்றியது. இரண்டாவது வரலாற்றைப் பற்றியது. பையனின் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே கலந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூல். மூன்றரை ஆண்டுக் காலம் வாசகர் ஒவ்வொரு வாரமும் காத்திருந்தனர். காத்திருக்கும் நாட்களில் ஊகித்தனர். கதை முடிந்ததும் கேள்விகள் குவிந்தன. ஆகவே ஆசிரியர் நீண்ட முடிவுரை ஒன்று எழுதி, கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்பதற்கு விடை கூறினார். ஆனால், இளவரசர் ஆதித்த கரிகாலரைக் கொன்றவர் யார் என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை நூலில் இல்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த இருளில் அது நிகழ்கிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையர் அதனைத் தம் மேல் ஏற்றுக்கொள்கிறார். வாசகரோ இன்னும் ஐயுற்றுக்கொண்டிருக்கிறார்.

இனி, மந்திரத்தைப் பார்ப்போம். இந்நாவலில் மாயமும் மருமமும் நிறைந்த காட்சிகள் பல. அவற்றை வரிசையாக வைத்து நோக்கினால் ஆசிரியர் கடைப்பிடித்த நியதி ஒன்று புலப்படும்.

ரவிதாசன் மந்திரவாதி என்ற பெயரில் பழுவூர் இளையராணியின் மாளிகைக்குள் வந்துபோகிறான். ஆனால் அவன் மந்திரத்தால் எதையும் சாதித்ததாகக் கதையில் இல்லை. மந்திரவாதி என்ற பெயர், காவலரைக் கடந்து உள்ளே செல்வதற்கு அவன் பூண்ட வேடம். ஆந்தையைப் போல அவன் எழுப்பும் குரல் தோழர்களுக்கு விடும் சைகை. கடம்பூரில் தேவராளன் ஆவேசம் வந்தவன்போல் ஆடி, பழைய அரச குலத்தின் குருதியைத் தெய்வம் பலியாகக் கேட்கிறது என்று கூவுகிறான். அவனும் அந்தச் சதிக் கூட்டத்தைச் சேர்ந்தவனே என்று பின்னர் அறிகிறோம். சுந்தர சோழரை நள்ளிரவில் வாட்டும் ஆவி உண்மையில் ஆவி அன்று. மந்தாகினியின் முகச்சாயல் கொண்ட நந்தினியின் நடிப்பு. பொன்னி நதியில் விழுந்த குழந்தை அருள்மொழியைக் காத்தவள் காவேரி அம்மன் என்று அரண்மனையே நம்புகிறது. காத்தவளோ வாய் பேசாத ஏழை மங்கை மந்தாகினி.

அதிசயம் தோன்றும் இடத்திலெல்லாம் திரைக்குப் பின்னே ஒரு மனிதன் நிற்கிறான், அல்லது ஒரு பெண் நிற்கிறாள். இதுவே கல்கியின் நியதி. சில மாயங்களுக்குப் பின்னே வஞ்சம் இருக்கிறது. சிலவற்றின் பின்னே அன்பு இருக்கிறது. இந்த நியதியை அறிந்துகொண்டால், நந்தினிக்கு மாய சக்தி இருந்தது, ரவிதாசன் இளவரசரை மந்திரத்தால் மயக்கினான் என்பன போன்ற ஊகங்கள் நூலின் போக்குக்கு ஒவ்வாதவை என்பது தெளிவாகும்.

இதற்கு விலக்கு ஒன்றுண்டு. அது வானத்தில் தோன்றும் வால்நட்சத்திரம். அரச குலத்தில் ஒருவருக்குத் தீங்கு வரும் என்று மக்கள் அஞ்சுகின்றனர், தீங்கும் வருகிறது. இதனை ஆசிரியர் விளக்கவில்லை. மக்களின் அச்சம் என்று கொள்வாரும் கொள்ளலாம். விதியின் குறி என்று கொள்வாரும் கொள்ளலாம். ஆனால், ‘அது ஹாலி வால்நட்சத்திரம்’ என்று ஒருவர் கூறினால் அதனைச் சோதித்துப் பார்க்க இயலும். ஹாலி கி.பி. 912-இல் தோன்றியது, மறுபடி 989-இல் தோன்றியது. கதை நிகழும் காலமோ 970-ஐ ஒட்டியது. ஆதலின் அந்த ஊகம் பொருந்தாது. சோதனைக்கு உட்படும் ஊகம், தவறாகவே முடிந்தாலும், நமக்கு ஒன்றைக் கற்பித்துவிட்டுச் செல்கிறது.

அடுத்து, கல்வெட்டுக்கு வருவோம். ரவிதாசன் என்ற பெயர் கல்கியின் கற்பனை அன்று. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் இராஜராஜரின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று உள்ளது. அவர் அரியணை ஏறியது 985-இல். ஆகவே அது 987-ஐ ஒட்டியது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசர் விடுத்த ஆணை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழரைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகிய உடன்பிறந்தாரை அது குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளும் உறவினர் பலருடைய உடைமைகளும் கைக்கொள்ளப்பட்டு விற்கப்பட்டன. அந்நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிய ஒருவர் அதனை அறத்துக்கு எழுதி வைத்தார். கல்லில் சில எழுத்துகள் சிதைந்தும் உள்ளன.

நாவலின் மந்திரவாதி கல்லில் மந்திரவாதி அல்லன். பிரமாதிராஜன் என்பது சோழ மன்னர் அந்தண அதிகாரிகளுக்கு வழங்கிய உயர்ந்த பட்டம். ஆகவே இவர்கள் காட்டில் மறைந்து திரிந்தவர்கள் அல்லர். அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்தவர்கள். காட்டில் ஒளிந்திருக்கும் பகைவனைவிட, அரண்மனைக்குள் பட்டம் பெற்று நிற்கும் துரோகி எவ்வளவு அஞ்சத்தக்கவன்! கதைக்கு ஆந்தைக் குரலும் வேடமும் வேண்டியிருந்தன. வரலாற்றில் அவை இன்றியே அச்சம் நிறைந்திருக்கிறது.

இவர்கள் ஏன் கொன்றனர்? வீரபாண்டியன் தலையைக் கரிகாலர் கொய்ததற்குப் பழி வாங்கினர் என்பது கல்கி தம் கதைக்குக் கொண்ட விடை. பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயராதலால் ரவிதாசன் பாண்டிய நாட்டவன் என்று கூறுவோர் உண்டு. ஆனால் பெயரை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. இராஜராஜரின் தேவியருள் ஒருவருக்கே பஞ்சவன் மாதேவி என்ற பெயர் இருந்தது. தம்பி பரமேசுவரனின் பட்டத்திலோ சோழர் பெயரே விளங்குகிறது. எனவே பாண்டியப் பழி என்பது நிகழ்ந்திருக்கக் கூடியது, நிறுவப்பட்டது அன்று.

கொலைக்குப் பின் அரியணை ஏறியவர் உத்தம சோழர். அவர் காலத்தில் இவர்கள் ஏன் தண்டிக்கப்படவில்லை? இக்கேள்வியை எழுப்பி, உத்தம சோழர் மேல் ஐயம் கொண்டவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். சோழர் வரலாற்றை 1935-இல் எழுதி வெளியிட்ட பேரறிஞர் அவர். அக்கருத்தை மறுத்தவர் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். அவருடைய ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதற்பகுதி 1949-இல் வெளிவந்தது. இருவரும் படித்தது ஒரே கல்வெட்டுத்தான். சாஸ்திரியார் கால இடைவெளியை நோக்கினார். ஆனால் அக்கல்வெட்டு, உடைமைகளைக் கைக்கொண்டு விற்ற செய்தியைத்தான் கூறுகிறதே அன்றி, குற்றவாளிகள் அதற்கு முன் எந்தத் தண்டனையும் பெறவில்லை என்று கூறவில்லை. இதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலும் சில செய்திகள் உண்டு. மக்கள் அருள்மொழியை அரசராக்க விரும்பியபோது, சிறிய தந்தை நாட்டை விரும்பும்வரை தாம் அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்று அவர் விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் புகழ்கின்றன. பின்னர் இராஜராஜர் ஆட்சியில் உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் கோயில்களை மேற்பார்வையிடும் அதிகாரியாக விளங்கினார். தம் தமையனைக் கொன்றவர் என்று கருதியவரின் மகனை ஓர் அரசர் இவ்வாறு அருகில் வைத்திருப்பாரா என்று கேட்கலாம். இது சான்று அன்று. ஆயினும் தராசின் ஒரு தட்டில் வைக்கத்தக்க எடை.

அந்தப் பையனின் இரண்டாம் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இராஜராஜர் தம் தமையனைக் கொல்வித்தார் என்று எந்தக் கல்லும் எந்தச் செப்பேடும் கூறவில்லை. கொலையை அடுத்து அவர் அரியணை ஏறவும் இல்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார். ‘பயன் பெற்றவரே குற்றவாளி’ என்பது துப்பறியும் கதைக்கு நல்ல நியதி. வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொரு சாவினாலும் யாரேனும் ஒருவர் பயன் பெறத்தான் செய்கிறார்.

மற்றொரு தீங்கும் உண்டு. கல்வெட்டில் மூவர் பெயரைக் கண்டு, அவர்கள் பிறந்த குலத்தார் அனைவர் மேலும் பழி சுமத்துவோர் இருக்கின்றனர். மறுபுறம், அதே காரணத்தால் கல்வெட்டையே மறைக்க விரும்புவோரும் இருக்கின்றனர். இரண்டும் தவறு. கல் சில மனிதரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதற்கு மேலும் வேண்டாம். அதற்குக் குறைவாகவும் வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர்கள் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல நம் முன் வந்து நிற்க முடியாது. அவர்களுக்காகக் கல்லும் செப்பேடும்தான் பேச வேண்டும். அவை பேசாத இடத்தில் நாம் தீர்ப்பு வழங்கலாகாது.

அப்படியாயின் ஊகமே கூடாதா? கூடும். ஊகிக்கும் வாசகர் இல்லாத நூல் விரைவில் மறக்கப்படும். மேலை நாட்டிலும் இதே நிலைதான். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த அதே 1954-ஆம் ஆண்டில்தான் டால்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியரின் ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதை வெளிவரத் தொடங்கியது. அதில் டாம் பாம்படில் என்ற விந்தை மனிதன் ஒருவன் வருகிறான். அவன் யார் என்று வாசகர் இன்றும் வாதாடுகின்றனர். ஆசிரியரோ அதை வேண்டுமென்றே புதிராக விட்டுவிட்டார். ஆனால் அவர் படைத்தது முழுவதும் கற்பனை உலகம். அங்கே யார்மேல் பழி போட்டாலும் உண்மை மனிதர் எவருக்கும் இழுக்கு இல்லை. கல்கியின் உலகத்திலோ கற்பனை மாந்தரும் வரலாற்று மாந்தரும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றனர். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனை. குந்தவையும் வந்தியத்தேவரும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கணவன் மனைவியராகக் காணப்படும் மெய்யான மனிதர். நந்தினியின் தந்தை யார் என்று விடிய விடிய வாதாடலாம். அதனால் யாருக்கும் தீங்கில்லை. குந்தவையைக் கொலைகாரி என்று கூறுமுன் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும்.

ஆகவே ஊகிப்பவர் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நன்று. இதனைக் கல் சொல்கிறதா? கதை சொல்கிறதா? அல்லது நான் சொல்கிறேனா? மூன்றும் சொல்லத்தக்கவையே. ஒன்றின் ஆடையை மற்றொன்றுக்கு உடுத்துவதுதான் பிழை.

பிறந்த ஊரை விட்டு வந்து தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோபர்கைரனேயிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டுச் சிறுவன் ஒரு நாள் சுற்றுலாவிலாவது தஞ்சைக் கோயிலின் சுவரில் கை வைத்துப் பார்த்துவிடுவான். நம் பிள்ளைகளிற் பலருக்குச் சோழ நாடு என்பது கதையும் திரையும் நண்பர் பேச்சுமாகவே வந்து சேர்கிறது. வந்து சேர்வதில் எது எவ்வகை என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு வீட்டில் இருக்கும் பெரியவர்களுடையது.

இவற்றையெல்லாம் நான் கூறி முடித்ததும் பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்படியானால் கொன்றவன் யார் என்று தெரியும், கொல்லச் சொன்னவர் உண்டா என்பதுதான் தெரியாது. அப்படித்தானே மாமா?” என்றான். கல்வெட்டை ஆராய்ந்த அறிஞர் நெடுநாள் வாதாடிய பொருளை அவன் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டான். அவன் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பழைய கட்டைப் பிரித்து, முதற்பாகத்தின் முதற்பக்கத்தை எடுத்து, “ஆங்கிலத்தில் படித்தது போதும். இங்கே வந்து உட்கார், நான் படிக்கிறேன், நீ கேள்” என்றார்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உடையார்குடிக்கும் போய்வர வேண்டும் என்று அன்றிரவே அந்த வீட்டில் முடிவாயிற்று.