வேலை கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியதற்கு விலை என்ன தெரியுமா?

2009-ஆம் ஆண்டு. யாஹூவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிரையன் ஆக்டன் என்ற பொறியாளர் ட்விட்டரில் வேலை கேட்டார். இல்லை என்றார்கள். சில மாதம் கழித்து ஃபேஸ்புக்கில் கேட்டார். அங்கும் இல்லை! மனம் தளராமல், பழைய நண்பர் ஜான் கூமோடு சேர்ந்து ஒரு சின்ன செயலியில் இறங்கினார். அதுதான் வாட்ஸ்அப். 2014 பிப்ரவரியில் அதை வாங்குவதாக அறிவித்தது யார் தெரியுமா? அதே ஃபேஸ்புக்! விலை 1,900 கோடி டாலர். இன்னொன்றையும் கேளுங்கள்: உலகம் முழுக்க சுமார் 45 கோடிப் பேர் பயன்படுத்திய அந்தச் செயலியை நடத்தியவர்கள் வெறும் 55 பேர். நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிறவர்கள்கூட அதைவிட அதிகம்!

வாசலுக்கு வந்தவரின் அருமை தெரியாமல் போவது நூறு ஆண்டுகளுக்கு முன்பும் நடந்திருக்கிறது. தாமஸ் எடிசன் தன் நிறுவனத்தில் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். ஏறக்குறைய 150 கேள்விகள்! பிரான்சைச் சுற்றி எந்தெந்த நாடுகள், வோல்கா நதி எங்கே ஓடுகிறது, இத்தனை அடி நீள அகலமுள்ள அறையில் இருக்கும் காற்றின் எடை என்ன... கல்லூரி முடித்தவர்களே திணறினார்கள். 1921-இல் இந்தக் கேள்விகள் பத்திரிகைகளில் வெளியாகி அமெரிக்காவே இதைப் பற்றிப் பேசியது. அப்போது அங்கே வந்திருந்த ஒருவரிடம் அதிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? சட்டென்று சொல்லத் தெரியவில்லை அவருக்கு. புத்தகத்தில் கிடைப்பதையெல்லாம் மனதில் சுமந்து திரிவதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! அதே 1921-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத்தான் போனது.

கூகுள் மட்டும் தப்பித்ததா? 2004-இல் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை, வேலை என்ற சொல்கூட இல்லை. ஒரு கணக்குப் புதிர் மட்டும்! விடையே ஓர் இணைய முகவரி. அங்கே போனால் இன்னொரு புதிர். அதையும் அவிழ்த்தவர்களுக்கு கூகுளின் ஆய்வுப் பிரிவில் வேலைக்கு அழைப்பு! எனக்குப் பிடித்த விளம்பரம் இது, மறுக்க மாட்டேன். ஆனால் 2013-இல் கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் என்ன சொன்னார் தெரியுமா? நேர்காணலில் புதிர் போடுவது சுத்தமாக நேர விரயம். கேட்கிறவர் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளத்தான் அது உதவுகிறது! எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலே மேல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் அது முன்பே இருக்கிறது! வேலையில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதைச் சொல்வதில் 'எத்தனை வருட அனுபவம்' என்ற கேள்வி மிகவும் பின்தங்கியது. செய்யப்போகும் வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது முன்வரிசையில் நின்றது. சமையல்காரரிடம் சான்றிதழ் கேட்பதைவிட ஒரு ரசம் வைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

சரி, ஆளை எடுத்தாயிற்று. நிற்க வேண்டுமே! 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை வந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த காரின் அடிச்சட்ட வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள்? காலையிலிருந்து மாலை வரை ஒரே திருகாணி, ஒரே முறுக்கு. ஓடிப்போனார்கள்! சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலையை நடத்த அந்த ஓராண்டில் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது தெரியுமா? ஒரு நாற்காலியில் ஆண்டுக்கு மூன்று, நான்கு பேர் மாறிமாறி உட்கார்ந்ததாகக் கணக்கு! 1914 ஜனவரி 5 அன்று ஃபோர்டு அறிவித்தார்: இனி எட்டு மணி நேர வேலை, நாளுக்கு 5 டாலர். அதுவரை கிடைத்தது 9 மணி நேரத்துக்கு இரண்டரை டாலர்கூட இல்லை. மறுநாளே கடும் குளிரில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் குவிந்தார்கள். இரண்டே ஆண்டில் வேலையை விட்டு ஓடுவது சொற்பமாகிவிட்டது! அந்த 5 டாலரில் பாதி நிபந்தனையோடு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறார் என்று பார்க்க நிறுவனமே ஆள் அனுப்பியது. சம்பளத்தை ஏற்றியதை மனதாரப் பாராட்டுகிறேன். வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததை இன்றைய எந்த முதலாளியும் கற்றுக்கொள்ளக் கூடாது.

போகாதே என்று ஃபோர்டு காசு கொடுத்தார். போ என்று காசு கொடுத்தவர்களும் உண்டு, தெரியுமா? இணையத்தில் செருப்பு விற்ற ஜாப்போஸ், பயிற்சியில் இருக்கும் புதியவரிடம் நீட்டியது இதை: இப்போதே விலகினால் உழைத்த நாட்களுக்குச் சம்பளம், மேற்கொண்டு 2,000 டாலர்! முதலில் வெறும் 100 டாலராக இருந்ததை அப்படி ஏற்றிக்கொண்டே போனார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். பிறகு அமேசானும் தன் கிடங்கு ஊழியர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. 2014-இல் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதப்படி, அந்தத் தொகை 2,000-இல் தொடங்கி 5,000 டாலர் வரை உயர்ந்தது. அந்த அறிவிப்பின் தலைப்பே, தயவுசெய்து இதை ஏற்காதீர்கள் என்பதுதான்!

இவ்வளவு தூரம் போய்விட்டு நம் ஊருக்கு வராமல் இருக்க முடியுமா? ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பள்ளி நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் அங்கே சேரலாம். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே மாதாமாதம் உதவித்தொகை! முதல் அணியில் ஒரு கைப்பிடிப் பேர்தான். அங்கே படித்தவர்கள் இன்று சென்னையில் மட்டுமல்ல, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் உட்கார்ந்து உலகம் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிறார்கள். கல்லூரிப் பட்டம் கேட்காத இந்த வாசலைத் திறந்து வைத்த ஸ்ரீதர் வேம்பு என்ன படித்தவர் தெரியுமா? சென்னை ஐஐடியில் பொறியியல், பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம்!