கணக்கு நிரம்பினால் கடிதமும் வராது

"ஆவணங்களை இரண்டு தடவை அனுப்பிவிட்டோம். உங்கள் ஈமெயில் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறது." சீனாவில் நான் சாமான் எடுக்கும் நிறுவனத்திலிருந்து வட்ஸ்அப்பில் இப்படியொரு செய்தி வந்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கொள்கலன் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தாயிற்று. கிளியரிங் ஏஜன்ட் இன்வொய்ஸைக் கேட்டு மணிக்கொரு தடவை போன் எடுக்கிறார். கடைசியில் நான்கு நாள் டெமரேஜ் கட்டித்தான் சாமானை வெளியில் எடுத்தேன்.

மகன் வந்து பார்த்தான். "வாப்பா, உங்கட ஸ்டோர் நிரம்பிட்டு. புதுச் சாமான் வந்தா எங்க வைக்கிற?" என்று சிரித்தான்.

விடயம் இதுதான். கூகுள் நமக்கு இலவசமாகத் தருவது 15 ஜீபீ இடம். ஜீமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் இந்த ஒரே இடம்தான். 2021 ஜூன் 1ஆம் திகதிக்கு முன்னர் தரம் குறைத்து ஏற்றிய படங்கள் கணக்கில் சேரவில்லை. அதன் பின்னர் ஏற்றுபவை எல்லாம் சேரும். அன்ட்ரொய்ட் போன்களில் வட்ஸ்அப் பெக்கப்பும் இப்போது இதே இடத்தைத்தான் பிடிக்கிறது. நிரம்பிவிட்டால் ஈமெயில் வரவும் மாட்டாது, போகவும் மாட்டாது. இரண்டு வருடங்கள் அப்படியே விட்டால் உள்ளே இருப்பதையும் அழிக்கக்கூடும்.

என் கணக்கில் வியாபாரக் கடிதங்கள் பிடித்திருந்தது கொஞ்ச இடம்தான். மீதியெல்லாம் கலியாண வீட்டு வீடியோவும் வட்ஸ்அப் குழுக்களில் வந்த குப்பையும். ஆகவே, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பார்க்காமல் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவது, இன்வொய்ஸ், வங்கிக் கூற்று, வரிக் கடிதம், ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். அழிப்பது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, வட்ஸ்அப் பெக்கப்பில் வீடியோ சேர்வதை நிறுத்துங்கள். பெரும்பாலானோருக்கு இதிலேயே நல்ல இடம் கிடைக்கும்.

நான்காவது, ஜீமெயிலின் தேடும் பெட்டியில் 'லார்ஜர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, இரட்டைப் புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10 என்ற இலக்கத்தையும் 'எம்' எழுத்தையும் போடுங்கள். 10 எம்பீக்கு மேற்பட்ட கடிதங்கள் மட்டும் வரிசையாக வரும். தேவையற்றதை அழியுங்கள்.

ஐந்தாவது, குப்பைக் கூடையைக் காலி செய்யுங்கள். ஜீமெயிலிலும் ட்ரைவிலும் அழித்தவை 30 நாட்கள் கூடையில் கிடக்கும். அதுவரை இடமும் குறையாது. அன்று நான் அரை மணித்தியாலம் அழித்தும் அளவு அசையாமல் நின்றது இதனால்தான்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. போட்டோஸில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பொத்தான் போனில் உள்ள படங்களைத்தான் நீக்கும். கூகுள் கணக்கில் ஓர் அங்குலமும் மிச்சமாகாது. மற்றது, போட்டோஸில் பெக்கப் ஆகியுள்ள ஒரு படத்தை நீங்கள் அழித்தால் அது போனிலிருந்தும் போய்விடும். காசோலையையும் வைப்புச் சீட்டையும் படமெடுத்து வைத்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

காசு கட்டி மேலதிக இடம் வாங்கலாம். வியாபாரம் பெரிதென்றால் அதில் தவறில்லை. ஆனால் குப்பைக்கு வாடகை கட்டுவது வியாபாரிக்கு அழகல்ல.

கடையில் வருடத்துக்கு ஒரு தடவை ஸ்டொக் எடுக்கிறோம். இந்தக் கணக்குக்கு மாதத்தில் பத்து நிமிடம் போதும். நான் கட்டிய டெமரேஜை நீங்களும் கட்டவேண்டியதில்லை.