ஒரு வார்த்தை... ஒரு பக்கம் ரூல்ஸ்!

சி.எல்., ஈ.எல்., எல்.ஓ.பி.

ஆபீஸ் போகிற ஆசாமிகளுக்கு இந்த மூன்றையும் விளக்கத் தேவையில்லை. பார்த்தால் இரண்டெழுத்து, மூன்றெழுத்து. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பர்சனல் டிபார்ட்மென்ட் பீரோவில் ஒரு பக்க விதிமுறை படுத்துத் தூங்குகிறது. 'எல்.ஓ.பி. போட்டுடவா?' என்று மேனேஜர் கேட்ட மாத்திரத்தில் சம்பளத்தில் விழப்போகிற ஓட்டை நம் கண்ணுக்குத் தெரிகிறதே! அவர் விளக்கமா கொடுத்தார்? வார்த்தையைச் சொன்னார், அவ்வளவுதான்.

இதே டெக்னிக்கில் ஓடுகிற சீட்டாட்டம் ஒன்று உண்டு. பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணக்கு வாத்தியார் உருவாக்கி, 1993-ல் 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' கம்பெனி வெளியிட்டது. (கார்ஃபீல்ட் சின்ன வயதில் பங்களாதேஷிலும் நேபாளத்திலும் இருந்தவர். நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடலாம்.) ரம்மி மாதிரி எல்லோருக்கும் பொதுவான கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவர் பொறுக்கிச் சேர்த்த கட்டோடு வந்து உட்கார வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். நிலச் சீட்டுகளிலிருந்து 'மானா' என்கிற சக்தியைக் கறந்து, அதைச் செலவழித்து பூதம், பாம்பு, தேவதை என்று இறக்கி, எதிராளியின் இருபதையும் காலி செய்தால் ஜெயம்.

அடையாறில் அக்கா வீட்டு மொட்டை மாடி ரூமில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இதுதான் நடக்கிறது. அக்கா பையனும் அவன் சிநேகிதர்கள் மூணு பேரும். எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். தோற்றவன் ராத்திரி டிபன் செலவு. நான் காபி டம்ளரோடு வேடிக்கை பார்க்கப் போய், பாதி ஜட்ஜ் ஆகிவிட்டேன்.

ஒவ்வொரு ஜந்துவின் சீட்டிலும் மூலையில் 6/6, 2/4 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் அடிக்கிற பலம், இரண்டாவது தாங்குகிற பலம். இது குழந்தைக்கும் புரியும். சண்டையெல்லாம் நடுவில் அச்சடித்திருக்கிற ஒற்றை வார்த்தைகளில்தான் வருகிறது. 'கீவேர்டு' என்கிறார்கள்.

சுலபமானதிலிருந்து ஆரம்பிப்போம். 'ஃப்ளையிங்' என்றால் பறப்பது. பறக்கிற ஜந்து தாக்க வந்தால் தரையில் நிற்கிற ஜந்து மறிக்க முடியாது. தி.நகர்வாசிகளுக்கு உதாரணம் ரெடி: 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை. மாம்பலம் ஸ்டேஷனில் ஏறி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவரை, கீழே ரங்கநாதன் தெருவில் 'வாங்கண்ணே, வாங்க!' என்று கையைப் பிடித்து இழுக்கிறவர் என்ன செய்ய முடியும்? அண்ணாந்து பார்க்கலாம்.

ஆனால் தரையில் நிற்பவர் கையில் ஒரு தொரட்டிக்கோல் இருந்தால்? அதுதான் 'ரீச்'. கால் தரையில், கை மாடியில். ரீச் உள்ளவர் பறப்பவரை மறிக்கலாம். அதற்காக அவரும் பறக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தாக்கப் போகும்போது தரையில் நிற்கிற எவனும் மறிப்பான். 1993-லேயே 'ஜயன்ட் ஸ்பைடர்' என்ற சிலந்திக்கு இந்தத் திறமை இருந்தது. ஆனால் முழு வாக்கியமாக எழுதியிருந்தார்கள். 'ரீச்' என்ற ஒற்றை வார்த்தையாகச் சுருங்கியது 2007-ல். ராமர் மாதிரி பதினாலு வருஷ வனவாசம்!

'விஜிலன்ஸ்' கதையும் அப்படித்தான். சாதாரணமாகத் தாக்கப் போகிற சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். 'களைத்துவிட்டது' என்று அர்த்தம். எதிராளி திருப்பித் தாக்கும்போது அது மறிக்க வராது. விஜிலன்ஸ் இருந்தால் திருப்ப வேண்டாம். கபாலி கோயில் பிரதோஷக் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் நிற்கும்போதும், வாசலில் விட்ட செருப்பின் மேல் ஒரு கண் வைத்திருக்கும் மயிலாப்பூர் மாமி மாதிரி. முதல் வருஷமே வந்த 'செர்ரா ஏஞ்சல்' தேவதைக்கு இந்தச் சக்தி உண்டு. அதற்கு 'விஜிலன்ஸ்' என்று பெயர் வைத்தது 2004-ல்.

இனிமேல்தான் கணக்கு.

'ட்ராம்பிள்' என்றால் மிதித்துக்கொண்டு போவது. 'கொலாஸல் டிரெட்மா' என்று ஒரு டைனோசர், 6/6, ட்ராம்பிள் உண்டு. அதை 5/5 ஜந்து ஒன்று மறித்தால், அதைக் கொல்ல 5 போக மிச்சம் 1 எதிராளியின் உயிரில் இறங்கும். தீபாவளிக்கு முதல் நாள் பாண்டி பஜார் பக்கம் போனவர்களுக்கு அனுபவரீதியாகத் தெரியும்.

'டெத்டச்' என்றால் தொட்டால் சாவு. ஒரே ஒரு பாயின்ட் அடி விழுந்தாலும் எதிரே இருக்கிற ஜந்து காலி. 'டைஃபாய்டு ராட்ஸ்' என்று ஒரு எலிக் கூட்டம், வெறும் 1/1, ஆனால் டெத்டச். டிரெட்மாவை எலி மறித்தால்? எலி சாகும், மிச்சம் 5 எதிராளிக்கு இறங்கும். கூடவே டைனோசரும் சாகும். யானை காதில் எறும்பு!

சரி, ஒரே ஜந்துவுக்கு ட்ராம்பிள், டெத்டச் இரண்டும் இருந்தால்? இங்கேதான் பையன்கள் கண்ணில் மின்னல் அடிக்கிறது. மறிக்கிற 5/5-ஐக் கொல்ல இப்போது 5 வேண்டாம், 1 போதும். தொட்டாலே சாவுதானே? ஆக, 6-ல் 1 அதற்கு, 5 நேரே எதிராளிக்கு. தனித்தனியாகப் பார்த்தால் சாதுவான இரண்டு வார்த்தைகள், கல்யாணம் பண்ணி வைத்தால் ஊரை எரிக்கின்றன. அந்த எலிக்கு எதிராக டைனோசருக்கு 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' கொடுத்துப் பாருங்கள். முதல் அடி அதனுடையது, எலி செத்துவிடும், செத்த எலி திருப்பித் தொடாது. நீங்கள் இன்க்ரிமென்ட் கேட்க வாயைத் திறப்பதற்குள் 'அந்த ரிப்போர்ட் என்னாச்சு?' என்று கேட்கிற மேனேஜருக்கு இருப்பது ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்தான்.

நான் ஜட்ஜ் ஆன கதைக்கு வருகிறேன். அக்கா பையன் அரும்பாடுபட்டுப் பதினோரு மானா சேர்த்து, 'டார்க்ஸ்டீல் கொலாஸஸ்' என்ற இரும்பு ராட்சசனை இறக்கினான். 11/11. ட்ராம்பிள். அதற்கு மேல் 'இன்டிஸ்ட்ரக்டிபிள்', அதாவது அழிக்க முடியாதது. அடுத்த சுற்றில் தாக்கினால் ஆட்டம் முடிந்தது. பையன் நெய் ரோஸ்ட்டா, அடையா என்றே முடிவு பண்ணிவிட்டான்.

எதிரே இருந்த பையன் ஒரே ஒரு மானா செலவழித்து ஒரு சீட்டைப் போட்டான். 'ஸ்வோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ்'. குறிவைத்த ஜந்துவை 'எக்ஸைல்' செய்.

"அது அழிக்க முடியாததுடா!"

"நான் எங்கேடா அழிச்சேன்? நாடு கடத்தினேன்!"

"மாமா, நீங்களே சொல்லுங்க. இது நியாயமா?"

மயிலாப்பூரில் வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? எத்தனை உபன்யாசம் கேட்டிருக்கிறோம்! இரணியன் வாங்கிய வரம் என்ன? மனுஷனால் சாவு கூடாது, மிருகத்தால் கூடாது, பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது, ஆயுதத்தால் கூடாது. 'எனக்குச் சாவே கிடையாது' என்று அவன் அர்த்தம் பண்ணிக்கொண்டான். நரசிம்மர் வரத்தில் ஒரு எழுத்தைக்கூட மீறவில்லை. பாதி மனுஷன், பாதி சிங்கம், அந்தி நேரம், வாசற்படி, நகம். வரத்தை வார்த்தை வார்த்தையாகப் படித்தவர் ஜெயித்தார்.

இன்டிஸ்ட்ரக்டிபிள் என்ற வரம் இரண்டே விஷயங்களிலிருந்துதான் காப்பாற்றும். 'டிஸ்ட்ராய்' என்று சொல்கிற சீட்டு ஒன்று, அடி வாங்கிச் சாவது இரண்டு. நாடு கடத்தினால் காப்பாற்றாது. 'உன் ஜந்துவில் ஒன்றைப் பலி கொடு' என்றால் காப்பாற்றாது. தாங்கும் பலத்தை மந்திரத்தால் பூஜ்யத்துக்குக் குறைத்தாலும் காப்பாற்றாது. தீர்ப்பு எதிராளி பக்கம். அக்கா பையன் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. (நாடு கடத்தப்பட்டதற்கு நஷ்ட ஈடாக அவனுக்கு 11 உயிர் கூடியது. அது சீட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் டிபன் செலவு அவன்தான்.)

'ஹெக்ஸ்ப்ரூஃப்' என்ற வார்த்தையிலும் இதே பொறி. எதிராளி அந்த ஜந்துவைக் குறிவைக்க முடியாது. ஆனால் 'ராத் ஆஃப் காட்' போன்ற சீட்டு யாரையும் குறிவைப்பதே இல்லை, மேஜையில் இருக்கிற எல்லா ஜந்துவையும் துடைத்துவிடும். உங்கள் வீட்டு ஃபியூஸைத் தனியாகப் பிடுங்க யாராலும் முடியாது, சரி. தெருவுக்கே கரண்ட் போனால்?

விதிப்புத்தகத்தில் 702-ஆம் பிரிவு முழுக்க இந்த வார்த்தைகளுக்கான விளக்கம்தான். எனக்குப் பிடித்தது ஆரம்பத்திலேயே வரும் வேறொரு விதி. ஒரு சீட்டு 'செய்யலாம்' என்கிறது, இன்னொரு சீட்டு 'செய்ய முடியாது' என்கிறது. எது ஜெயிக்கும்? 'முடியாது'தான். எந்த ஆபீஸ் கவுன்ட்டரிலாவது நின்றவர்களுக்கு இதைப் புத்தகத்தில் போட்டுச் சொல்லவே வேண்டாம்.

நம்ம தேசத்துக்கும் இந்த ஆட்டத்தில் ஒரு இடம் உண்டு. 2016-ல் இந்தியச் சாயலில் 'கலதேஷ்' என்று ஒரு கற்பனை உலகம் வந்தது. கிரண், பியா, ரஷ்மி என்றெல்லாம் பெயர்கள். அந்த உலகத்துக்குப் பிற்பாடு 'ஆவிஷ்கார்' என்று பெயர் மாற்றினார்கள். வாகனச் சீட்டுகள் அதில்தான் முதலில் வந்தன. கூடவே 'க்ரூ' என்ற கீவேர்டும். டிரைவர் கண்டக்டர் இல்லாத பஸ் டிப்போவிலேயே நிற்குமல்லவா? 'க்ரூ 3' என்றால் மொத்தம் 3 பலமுள்ள ஆட்களைத் திருப்பிவைத்தால்தான் வண்டி நகரும். இதில் ஒரு நுணுக்கம். புதிதாக இறங்கிய ஜந்து முதல் சுற்றில் தாக்கக் கூடாது, புரொபேஷன் மாதிரி. ஆனால் வண்டி ஓட்டலாம்! 'ஸ்மக்ளர்ஸ் காப்டர்' என்ற பறக்கும் வண்டிக்கு 'க்ரூ 1' போதும். அது போட்ட ஆட்டத்தில் 2017 ஜனவரியில் 'ஸ்டாண்டர்ட்' வகைப் போட்டிகளில் தடையே விதித்தார்கள்.

எல்லா வார்த்தையும் பிழைக்கவில்லை. 'பேண்டிங்' என்று ஒன்று 1993-லிருந்து இருந்தது. ஜந்துக்கள் கூட்டணி வைத்துக்கொண்டு தாக்குவது. யார் அடியை யார் வாங்குவது என்று பங்கு பிரிப்பதற்குள் ஆட்டக்காரர்களுக்கு மண்டை காய்ந்தது. 1997-க்குப் பிறகு புதுச் சீட்டுகளில் அதைக் காணோம். கூட்டணிக் கணக்கு நம்மூரிலேயே லேசில் புரிகிறதா என்ன!

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கட்டு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. 'மேஜிக் அரீனா' என்று செல்போனில் இலவசமாக ஆடலாம். சீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கீவேர்டின் விளக்கம் பக்கத்தில் விரியும். இங்கிலீஷில்தான். ஆபீஸ் நேரத்தில் ஆடுவதாக இருந்தால் முதலில் சத்தத்தை அணைத்துவிடுங்கள். டிராகன் உறுமினால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.